ருவாண்டாவில் மழையைக் கேட்டால் காட்டைச் சொல்ல வேண்டியிருக்கிறது

"ஆகஸ்டில் ஒரு வாரம் குடும்பத்தோடு ருவாண்டா போகிறோம். இவ்வளவு சின்ன நாட்டில் கொரில்லா, சிங்கம், சிம்பன்சி மூன்றுமே இருக்கிறது என்கிறார்களே, உண்மையா? பூமத்திய ரேகைக்குப் பக்கம் என்பதால் வெயில் தாங்க முடியாதோ?" என்று கேட்டிருந்தீர்கள்.

மூன்றும் இருக்கின்றன. வெயில் வாட்டாது. அவசரம் என்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் இரண்டு தனித்தனிக் கேள்விகளாக நினைத்துக் கேட்ட விலங்கும் வானிலையும் அந்த நாட்டில் ஒரே கேள்வி. அதைப் புரிந்துகொண்டு போனால் ஜன்னல் வழியே தெரியும் ஒவ்வொரு குன்றும் உங்களோடு பேசும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உயரத்திலிருந்து தொடங்குவோம். ருவாண்டாவின் மொத்தப் பரப்பு 26,338 சதுர கிலோமீட்டர். பூமத்திய ரேகைக்குத் தெற்கே ஒரு பாகைக்கும் மூன்று பாகைக்கும் நடுவில் முழு நாடும் அடங்கிவிடும். வரைபடத்தை மட்டும் பார்த்தால் வெயில் கொளுத்தும் என்றுதான் தோன்றும். ஆனால் அந்த நாட்டின் மிகத் தாழ்வான இடமான தென்மேற்கு மூலை ருசிசி ஆற்றங்கரையே கடல் மட்டத்திலிருந்து 950 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைநகர் கிகாலி 1,500 மீட்டருக்கு மேல். வடமேற்கில் கரிசிம்பி எரிமலையின் உச்சி 4,507 மீட்டர். நூறு மீட்டர் ஏறினால் அரை டிகிரிக்கு மேல் குளிர்ந்துகொண்டே போகும் என்பதால், கிகாலியில் பகலில் 27, 28 டிகிரி, இரவில் 15, 16 டிகிரி என்று இருக்கும். எரிமலைகளின் அடிவாரத்தில் இருக்கும் முசான்சே ஊரில் ராத்திரி கம்பளி இல்லாமல் முடியாது. கரிசிம்பி என்ற பெயரே வெண்சோழியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். உச்சியில் அவ்வப்போது வெள்ளையாகப் பனி படிவதைப் பார்த்து வைத்த பெயர்.

ஆண்டு முழுவதும் வெப்பநிலை பெரிதாக மாறாது. மாறுவது மழைதான். சூரியன் வடக்கும் தெற்குமாகப் போய் வரும்போது அதன் பின்னாலேயே நகரும் மழை வளையம் பூமத்திய ரேகைப் பகுதியை ஆண்டுக்கு இரண்டு முறை கடக்கிறது. அதனால் அங்கே இரண்டு மழைக்காலம், இரண்டு உலர்காலம். மார்ச் முதல் மே வரை பெருமழை. அதை ‘இதும்பா’ என்கிறார்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை நீண்ட உலர்காலம், ‘இம்பேஷி’. செப்டம்பர் பாதியிலிருந்து டிசம்பர் வரை இரண்டாம் மழை, ‘உமுஹிந்தோ’. அப்புறம் ஜனவரி, பிப்ரவரியில் ஒரு குட்டி உலர்காலம். உழவர்களின் நாட்காட்டியும் இதுதான், ஆண்டுக்கு இரண்டு போகம். நீங்கள் போகும் ஆகஸ்ட் நீண்ட உலர்காலத்தின் கடைசி. செம்மண் புழுதி பறக்கும், கிழக்கே புல் காய்ந்து வைக்கோல் நிறத்தில் இருக்கும். நடப்பதற்கும் விலங்கு பார்ப்பதற்கும் நல்ல மாதம்.

இதில் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மழை நாடெங்கும் ஒரே அளவில் பெய்வதில்லை. மேற்கில் வடக்கு தெற்காக ஒரு நெடிய மலைமுகடு ஓடுகிறது. காங்கோ படுகையின் ஈரக் காற்று அதில் ஏறும்போதே பெரும்பாலும் கொட்டிவிடுகிறது. தென்மேற்கில் நியுங்வே காட்டில் ஆண்டுக்குச் சுமார் 2,000 மில்லிமீட்டர். கிகாலியில் அதில் பாதி. கிழக்கு எல்லையில் இன்னும் குறைவு. அதே முகடுதான் நாட்டின் நீரையும் பிரிக்கிறது. மேற்குச் சரிவில் விழும் மழை கிவு ஏரி, ருசிசி, தங்கனீக்கா ஏரி வழியாகக் காங்கோ ஆற்றில் சேர்ந்து அட்லாண்டிக் போகிறது. கிழக்குச் சரிவில் விழுவது நியபரோங்கோ, அககேரா ஆறுகள் வழியாக விக்டோரியா ஏரிக்கும், அங்கிருந்து நைல் நதியாக மத்தியதரைக் கடலுக்கும் போகிறது. மழை மேற்கிலிருந்து கிழக்கே குறைந்துகொண்டே போவதை மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் தேசியப் பூங்காக்கள் ஏன் அங்கங்கே இருக்கின்றன என்பது தானாகப் புரியும். வறண்ட கிழக்கில் புல்வெளி, அங்கே சிங்கமும் வரிக்குதிரையும். நனைந்த மேற்கில் மழைக்காடு, அங்கே சிம்பன்சி. உயர்ந்த வடமேற்கில் மூங்கிலும் மூடுபனியும், அங்கே கொரில்லா. நடுவில் இருப்பதெல்லாம் மனிதர்களும் வயலும்.

அந்த நடுப்பகுதியைப் பற்றிச் சொல்லாமல் பூங்காக்களுக்குப் போனால் விஷயம் விளங்காது. சதுர கிலோமீட்டருக்கு 500 பேருக்கு மேல் வாழும் நாடு. பெரும்பாலோர் விவசாயிகள். சின்னச் சின்னத் துண்டு நிலம், அதில் பீன்ஸ், வாழை, உருளைக்கிழங்கு. குன்றின் உச்சி வரை பாத்தி கட்டியிருப்பார்கள். நீங்கள் வழியில் ‘காடு’ என்று நினைக்கும் பசுமையில் பெரும்பகுதி தைல மரத் தோப்பு. இப்படிப்பட்ட நாட்டில் ஒரு ஏக்கர் காடு நிற்கிறது என்றால், அந்த ஏக்கரில் உழக் காத்திருக்கும் ஒரு குடும்பத்துக்கு யாரோ பதில் சொல்லியிருக்கிறார்கள் என்று பொருள். நாலு பூங்காக்களின் வரலாறும் அந்தப் பதிலின் வரலாறுதான்.

கொரில்லாக்கள் இருக்கும் எரிமலைகள் தேசியப் பூங்காவிலிருந்து தொடங்கலாம், எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். ருவாண்டா, காங்கோ, உகாண்டா மூன்றும் சந்திக்கும் மூலையில் விருங்கா எரிமலைத் தொடர் இருக்கிறது. எட்டு எரிமலைகளில் ஐந்து ருவாண்டாவைத் தொடுகின்றன: கரிசிம்பி, பிசோகே, சபினியோ, கஹிங்கா, முஹபுரா. சபினியோ என்றால் கிழவரின் பற்கள், அதன் உடைந்த உச்சியைப் பார்த்ததும் ஒப்புக்கொள்வீர்கள். முஹபுரா என்றால் வழிகாட்டி. பெல்ஜியம் ஆண்ட காலத்தில், 1925இல், இந்த மலைகளை ஆல்பர்ட் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். ஆப்பிரிக்கக் கண்டத்தின் முதல் தேசியப் பூங்கா அது. இன்றைய ருவாண்டாப் பகுதி அதிலிருந்து பிரிந்து வந்த துண்டு.

அந்தத் துண்டும் முழுசாக நிலைக்கவில்லை. 1960களின் இறுதியில் பைரித்ரம் பயிரிடுவதற்காகச் சுமார் 100 சதுர கிலோமீட்டர் காட்டை வெட்டிக் கொடுத்தார்கள். வெள்ளைச் சாமந்தி போன்ற பூ, காயவைத்து அதிலிருந்து பூச்சிக்கொல்லி எடுப்பார்கள். முசான்சே பக்கம் இன்றும் அந்தப் பூ வயல்களைப் பார்க்கலாம். மிஞ்சிய பூங்கா சுமார் 160 சதுர கிலோமீட்டர். வெட்டப்பட்டது மலையின் கீழ்ப்பகுதி. கொரில்லாக்கள் குளிர் அதிகமான மேற்பகுதிக்குள் நெருக்கப்பட்டன. 1981இல் எண்ணியபோது விருங்கா மலைகள் முழுவதிலும், மூன்று நாடுகளையும் சேர்த்து, 254 கொரில்லாக்களே இருந்தன.

டயான் ஃபாஸி பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அமெரிக்கர். 1967இல் கரிசிம்பிக்கும் பிசோகேவுக்கும் நடுவில் கூடாரம் போட்டு, இரண்டு பெயரையும் சேர்த்து கரிசோகே என்று ஆராய்ச்சி முகாமுக்குப் பெயர் வைத்தார். கொரில்லாக்கள் அருகில் உட்கார்ந்து, அவற்றின் செய்கைகளைத் தானும் செய்து காட்டி, பயம் தெளியவைத்து, ஒவ்வொன்றையும் முகம் பார்த்து அடையாளம் கண்டவர். அவருக்குப் பிடித்த டிஜிட் என்ற ஆண் கொரில்லாவை 1977இன் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். 1985 டிசம்பரில் அவரும் தன் குடிலிலேயே கொலை செய்யப்பட்டார். டிஜிட்டின் பக்கத்திலேயே அவரைப் புதைத்திருக்கிறார்கள். அந்த இடத்துக்கு மலையேறிப் போகலாம்.

ஃபாஸியின் அர்ப்பணிப்பைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். ஆனால் கொரில்லாக்கள் பிழைத்ததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1970களின் இறுதியில் பூங்காவின் இன்னொரு பெரிய துண்டை மாட்டுப் பண்ணைக்குக் கொடுக்கும் யோசனை வந்தது. அப்போது அங்கே ஆய்வு செய்துகொண்டிருந்த ஏமி வெடர், பில் வெபர் தம்பதி, கொரில்லா பார்க்க வருபவர்களை அளவோடு அனுமதித்தால் மாட்டைவிட அதிக வருமானம் வரும் என்று வாதிட்டார்கள். 1979இல் அப்படித் தொடங்கிய திட்டத்தின் வழியில்தான் இன்றைக்கு நீங்களும் நானும் போகிறோம். ஃபாஸிக்குச் சுற்றுலா பிடிக்கவில்லை. அவர் அச்சத்தில் நியாயம் இருந்தது. ஆனால் பசித்த விவசாயிக்குச் சொல்ல ஒரு பதில் வேண்டியிருந்தது, அந்தப் பதில் சுற்றுலாவிடம்தான் இருந்தது என்பது என் கருத்து.

இப்போதைய ஏற்பாடு இதுதான். ஒரு கொரில்லாக் குடும்பத்தை ஒரு நாளைக்கு எட்டு பேர் மட்டும், ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம். 2017இல் வெளிநாட்டவருக்கான அனுமதிக் கட்டணத்தை 750 டாலரிலிருந்து ஒரேயடியாக 1,500 டாலருக்கு ஏற்றினார்கள். ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவா என்று நீங்கள் அதிர்வது நியாயம். ஆனால் பூங்காக்களின் சுற்றுலா வருமானத்தில் ஒரு பங்கு சுற்றுவட்டார ஊர்களுக்குப் போகிறது. 2005இல் 5 சதவீதமாக இருந்த அந்தப் பங்கை 2017இல் 10 சதவீதமாக்கினார்கள். பள்ளி, சுகாதார நிலையம், தண்ணீர்த் தொட்டி, காட்டெருமை வயலுக்குள் வராமல் தடுக்கும் கல் சுவர் எல்லாம் அந்தப் பணத்தில் வந்தவை. முன்பு கண்ணி வைத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் இன்று உங்கள் பையைத் தூக்கி வரும் சுமையாளர்கள். அவர்களில் ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள், சேற்றில் கை கொடுப்பார்கள்.

பலன் தெரிகிறது. 2015, 2016 கணக்கெடுப்பில் விருங்காவில் 604 கொரில்லாக்கள். உகாண்டாவின் பிவின்டி காட்டில் இருப்பவற்றையும் சேர்த்தால் உலகில் மொத்தம் 1,063. இதைத் தவிர மலைக் கொரில்லா எங்கும் இல்லை, விலங்குக் காட்சிச்சாலைகளில்கூட இல்லை. மனிதனுக்கு நெருங்கிய உறவான பெருங்குரங்கு இனங்களில் எண்ணிக்கை கூடிவருவது இது ஒன்றுதான் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். 2018இல் ‘மிக அருகிய’ நிலையிலிருந்து ‘அருகிய’ நிலைக்கு ஒரு படி மேலே ஏற்றினார்கள். ஒரு பெண் கொரில்லா சுமார் நாலு ஆண்டுக்கு ஒரு குட்டிதான் ஈனும் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த ஏற்றத்தின் அருமை விளங்கும். காயம்பட்டால் காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் செய்யும் கால்நடை மருத்துவர்கள் 1986 முதல் வேலை செய்கிறார்கள். 2005 முதல் ஆண்டுதோறும் குட்டிகளுக்குப் பெயர் சூட்டும் விழா நடக்கிறது, ‘க்விதா இசினா’ என்று பெயர். தங்கள் வீட்டுக் குழந்தைகளுக்குப் பெயர் வைக்கும் சடங்கையே கொரில்லாவுக்கும் செய்கிறார்கள்.

ஒரு முக்கியமான விஷயம். பதினைந்து வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொரில்லா பார்க்க அனுமதி இல்லை. நீங்கள் குடும்பத்தோடு போவதால் முன்பே சொல்கிறேன். சளி, இருமல் இருந்தால் நீங்களே சொல்லி விலகிக்கொள்ளுங்கள். நம் ஜலதோஷம் அவற்றுக்கு நிமோனியாவாகி உயிரையே எடுக்கலாம். முகக்கவசம் போடச் சொல்வதும் தள்ளி நிற்கச் சொல்வதும் அதற்காகத்தான்.

மழைக்கும் கொரில்லாவுக்கும் உள்ள தொடர்பையும் கேளுங்கள். மழைக்காலத்தில் மூங்கில் குருத்து விடும். கொரில்லாவுக்கு அது பெரிய விருந்து. அதற்காக மூங்கில் இருக்கும் கீழ்ப்பகுதிக்கு இறங்கி வரும், சில சமயம் கல் சுவரையும் தாண்டி வயல் ஓரத்துக்கே வந்துவிடும். உலர்காலத்தில் மேலே காட்டுச் செலரி, காஞ்சொறி, முட்செடித் தண்டு என்று தின்றுகொண்டிருக்கும். ஆகஸ்டில் நீங்கள் கொஞ்சம் அதிகம் ஏற வேண்டியிருக்கலாம், ஆனால் வழுக்காது. எப்படியும் கனமான கால்சட்டையும் தோட்டக் கையுறையும் எடுத்துப் போங்கள். காஞ்சொறி துணியைத் தாண்டியும் சுடும்.

சரி, கிழக்கே போவோம். தான்சானியா எல்லையில் அககேரா. 1934இல் அமைத்தபோது சுமார் 2,500 சதுர கிலோமீட்டர். இன்று 1,122. பாதிக்கு மேல் எங்கே போனது என்பது 1994இன் கதை. அந்த ஆண்டு நூறு நாட்களில் எட்டு லட்சம் பேர் அளவுக்குக் கொல்லப்பட்ட இனப்படுகொலை நடந்தது. அது முடிந்ததும், 1959 முதல் அயல்நாடுகளில் அகதிகளாக இருந்தவர்கள் தங்கள் மாட்டு மந்தைகளோடு திரும்பி வந்தார்கள். வீடு வேண்டும், மேய்ச்சல் வேண்டும். 1997இல் பூங்காவின் பாதிக்கு மேற்பட்ட நிலத்தை அவர்களுக்குக் கொடுத்தார்கள். அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் விலங்குகள் கொடுத்த விலை பெரியது. மாட்டைக் கொன்ற சிங்கங்களுக்கு மேய்ப்பர்கள் விஷம் வைத்தார்கள். சில ஆண்டுகளில் ஒரு சிங்கம்கூட மிஞ்சவில்லை. 1970களில் ஐம்பதுக்கு மேல் இருந்த கறுப்புக் காண்டாமிருகத்தில் கடைசியாக ஒன்றைப் பார்த்தது 2007இல்.

2010இல் அரசின் ருவாண்டா மேம்பாட்டு வாரியமும் ஆப்பிரிக்கன் பார்க்ஸ் என்ற அமைப்பும் சேர்ந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டன. முதல் வேலையாக மேற்கு எல்லையில் 120 கிலோமீட்டருக்குச் சூரியசக்தி மின்வேலி, 2013இல் முடித்தார்கள். இது விலங்கைக் கட்டிப்போட என்று மட்டும் நினைக்காதீர்கள். வேலி வந்த பிறகுதான் பக்கத்து ஊர்க்காரர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள், சிங்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் பேச்சையே எடுக்க முடிந்தது. 2015இல் தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏழு சிங்கங்கள் வந்தன, ஐந்து பெண், இரண்டு ஆண். அவை பெருகிவிட்டன. 2017இல் 18 கறுப்புக் காண்டாமிருகங்கள். 2019இல் ஐரோப்பிய விலங்குக் காட்சிச்சாலைகளில் பிறந்து வளர்ந்த ஐந்து. 2021இல் 30 வெள்ளைக் காண்டாமிருகங்கள், 2025இல் இன்னும் 70.

அககேராவின் யானைகளுக்கு ஒரு துயரக் கதை உண்டு. 1975இல் தெற்கே புகேசெரா பகுதியில் மக்களைக் குடியேற்றியபோது அங்கிருந்த பெரிய யானைகளைச் சுட்டுவிட்டு, 26 குட்டிகளை மட்டும் அககேராவுக்குக் கொண்டுவந்தார்கள். வழிகாட்டத் தாய் இல்லாமல் வளர்ந்த அந்தக் குட்டிகளின் வழி வந்தவைதான் இன்று ஏரிக்கரையில் நீங்கள் பார்க்கப்போகும் நூற்றுக்கு மேற்பட்ட யானைகள். அவற்றைப் பார்க்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அங்கே ஏரிகளும் பாபிரஸ் கோரை மண்டிய சதுப்பும் நீளமாகப் பரந்து கிடக்கின்றன. இஹேமா ஏரியில் படகுச் சவாரி உண்டு, தவறவிடாதீர்கள். நீர்யானைகளும் முதலைகளும் நிச்சயம். காலணி போன்ற அலகுடைய ஷூபில் பறவை அந்தக் கோரைக்குள்தான் இருக்கிறது, ஆனால் கண்ணில் பட அதிர்ஷ்டம் வேண்டும். ஆகஸ்டில் உள்பகுதிக் குட்டைகள் வற்றுவதால் வரிக்குதிரை, இம்பாலா, எருமை எல்லாம் ஏரிப்பக்கம் இறங்கிவிடும். வடக்கே கிலாலா சமவெளிக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கருநீலம், கறுப்பு உடை வேண்டாம், அந்த நிறத்தைத் தேடி வந்து செட்சி ஈ கடிக்கும், கடி நன்றாகவே வலிக்கும்.

தென்மேற்கில் நியுங்வே. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. 1933 முதல் காப்புக்காடு, 2005 வாக்கில் தேசியப் பூங்கா, 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம். பரப்பு 1,019 சதுர கிலோமீட்டர். தேயிலைத் தோட்டம் முடியும் கோட்டிலேயே காடு சுவர்போல எழுந்து நிற்கும். 13 வகைக் குரங்கினங்கள் இருக்கின்றன, சிம்பன்சி அதில் ஒன்று. கறுப்பு உடம்பில் வெள்ளை முடி தொங்கும் கொலோபஸ் குரங்குகள் முந்நூறு, நானூறு என்று ஒரே கூட்டமாகத் திரிவது இங்கே மட்டும்தான். வேறு இடங்களில் பத்து இருபதாக வாழும் குரங்கு அது. ஆண்டு முழுவதும் ஈரம் இருப்பதால் மரமெங்கும் படர்ந்திருக்கும் மரப்பாசியையும் அது தின்னும், அதனால் உணவுக்குப் பஞ்சமில்லை. 2010இல் கட்டிய 160 மீட்டர் நீளத் தொங்குபாலத்தில் நடந்தால் மரங்களின் தலைக்கு மேலே போவீர்கள்.

யானை இங்கே இல்லை. கடைசி யானையை 1999இல் வேட்டையாடிவிட்டார்கள். ஆனாலும் இந்தக் காட்டின் பெரிய வேலை விலங்கு காட்டுவது இல்லை என்றே சொல்வேன். கொட்டும் மழையைப் பாசியும் வேரும் இலைமக்கும் உறிஞ்சி வைத்து, மழையில்லாத ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஓடைகளில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. நைலின் மிகத் தொலைவான ஊற்றுகளில் ஒன்றாகச் சொல்லப்படும் ருகராரா ஓடை இங்கேதான் பிறக்கிறது. உலர்காலத்தில் அந்த ஓடையில் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கும்போது நீங்கள் பார்ப்பது ஏப்ரல் மாத மழை.

காடு இந்த வேலையைச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ருவாண்டாவே இரண்டு சாட்சி வைத்திருக்கிறது.

ஒன்று கிஷ்வாதி. மேற்கு முகட்டில், நியுங்வேக்கும் எரிமலைகளுக்கும் நடுவில் இருக்கும் காடு. 1970களில் சுமார் 280 சதுர கிலோமீட்டர் இருந்தது. முதலில் மாட்டுப் பண்ணைக்கும் பைன் தோட்டத்துக்கும் வெட்டினார்கள். பிறகு 1994க்குப் பின் திரும்பியவர்கள் குடியேறினார்கள். 2000களின் தொடக்கத்தில் மிஞ்சியது வெறும் ஆறு சதுர கிலோமீட்டர், அதற்குள் ஒரு சிறு சிம்பன்சிக் கூட்டம். செங்குத்தான சரிவு, தளர்ந்த எரிமலை மண், மேலே மரம் இல்லை. 2007இல் பிகோக்வே பக்கம் வெள்ளமும் மண்சரிவும் வீடுகளை அடித்துக்கொண்டு போயின. அதற்குப் பிறகுதான் மீதிக் காட்டைக் காத்து, சுற்றிலும் மீண்டும் மரம் வளரவிட்டார்கள். தெற்கே முகுரா காட்டையும் சேர்த்து, சுமார் 35 சதுர கிலோமீட்டரில் நாட்டின் நான்காவது தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். 2020இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஏற்றது. ஆனால் போனது சீக்கிரம் திரும்பிவிடுவதில்லை. 2023 மே 2 இரவு மேற்கிலும் வடக்கிலும் ஒரே இரவில் கொட்டிய மழையில் 130 பேருக்கு மேல் இறந்தார்கள். அன்று கரை உடைத்த செபேயா ஆறு அந்தப் பழைய கிஷ்வாதிச் சரிவுகளிலிருந்து நீர் வாங்கும் ஆறு. மழை அசாதாரணமானதுதான், காடு இருந்திருந்தாலும் சேதம் இருந்திருக்கும். ஆனால் இவ்வளவு மண் இறங்கியிருக்காது.

மற்றொன்று வடக்கே ருகேசி சதுப்பு. மலைகளுக்கு நடுவில் 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெரிய சதுப்பு அது. அதிலிருந்து கசியும் நீர் புரேரா ஏரிக்குப் போகிறது, அங்கிருந்து கீழே ருஹோண்டோ ஏரிக்கு விழும் வழியில் ந்தாருகா நீர்மின் நிலையம் இருக்கிறது. சதுப்பை வடித்துப் பயிர் செய்யத் தொடங்கினார்கள், சுற்றுச் சரிவுகளின் மண்ணும் வந்து விழுந்தது. 2003, 2004இல் மழையும் குறைந்தபோது ஏரி மட்டம் இறங்கி மின் உற்பத்தி படுத்துவிட்டது. கிகாலி இருண்டது. டீசல் ஜெனரேட்டர்களை வாடகைக்கு எடுத்து, மின் கட்டணம் எகிறியது. அப்புறம் சதுப்பில் விவசாயத்தை நிறுத்தி, சரிவுகளில் மூங்கிலும் மரமும் நட்டார்கள். சில ஆண்டுகளில் ஏரி நிறைந்தது, மின்சாரம் திரும்பியது. அங்கிருந்து விலக்கப்பட்ட விவசாயிகளுக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கோரைக்கும் விளக்குக்கும் உள்ள தொடர்பை ஒரு நாடு முழுவதும் இப்படி அனுபவத்தில் கற்றது வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

இந்த ருகேசியில்தான் ‘உமுசாம்பி’ வாழ்கிறது. தலையில் பொன்னிற முட்களால் கிரீடம் வைத்தது போன்ற கொண்டையுள்ள பெரிய கொக்கு இனம். செல்வத்தின் அடையாளம் என்று நம்பி, பிடித்துச் சிறகை வெட்டி, ஹோட்டல் தோட்டங்களிலும் பங்களாக்களிலும் அலங்காரத்துக்கு விட்டிருந்தார்கள். ஒலிவியே ந்செங்கிமானா என்ற ருவாண்டா நாட்டுக் கால்நடை மருத்துவர் 2014 வாக்கில் இதைக் கையில் எடுத்தார். தண்டனை இல்லை, சொந்தக்காரர்கள் தாங்களே பதிவு செய்து ஒப்படைக்கலாம் என்று கேட்டுக்கொண்டார். பறக்க முடிந்தவற்றை அககேராவில் பழக்கிவிட்டார். முடியாதவற்றுக்குக் கிகாலி விளிம்பிலேயே ஒரு சதுப்பைச் சீர்செய்து வீடு கொடுத்தார். 2017இல் நாடு முழுவதும் எண்ணியபோது 500க்கும் குறைவு. சில ஆண்டுகளில் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. கிகாலியில் இறங்கும் முதல் நாளே அந்த உமுசாம்பி கிராமத்துக்குக் குழந்தைகளைக் கூட்டிப் போங்கள். கொரில்லா பார்க்க வயது போதாதவர்களுக்கு இதைவிட நல்ல இடம் சொல்ல முடியாது.

பயணத் திட்டத்துக்கு வருகிறேன். ஒரு வாரத்தில் நாலையும் பிடிக்க நினைக்காதீர்கள். தூரம் குறைவாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு சாலையும் குன்றைச் சுற்றிச் சுற்றித்தான் போகும். கிகாலியில் ஒரு நாள், அககேராவில் இரண்டு நாள், திரும்பி மேற்கே போய் நியுங்வேயில் இரண்டு நாள், கிவு ஏரிக்கரையில் ஓர் இரவு என்று வைத்துக்கொண்டால் குடும்பத்துக்கு நிறைவாக இருக்கும். பெரியவர்களில் யாராவது கொரில்லாவுக்குப் போவதானால் நியுங்வேயில் ஒரு நாளைக் குறைத்து முசான்சேவில் தங்குங்கள், அனுமதியைப் பல மாதம் முன்பே வாங்கிவிடுங்கள். ஆகஸ்டில் இடம் கிடைப்பது கஷ்டம். கிழக்கில் கொசு உண்டு, மலேரியா மாத்திரையும் மஞ்சள் காய்ச்சல் ஊசியும் பற்றி டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெட்டியில் பிளாஸ்டிக் பை வைக்காதீர்கள், 2008 முதல் தடை, விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை எங்கும் போக வேண்டியதில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று ‘உமுகண்டா’, நாடே தெருவில் இறங்கிப் பொதுவேலை செய்யும், கடை திறக்காது. பல ஊர்களில் அந்த வேலை சரிவில் மரம் நடுவதாகவும் வரப்புக் கட்டுவதாகவும் இருக்கும்.

நியுங்வேயிலிருந்து கிவு ஏரி ஓரமாக வடக்கே போகும் வழியைத் தேர்ந்தெடுத்தீர்கள் என்றால், ஒரு பாதி நாளைக் கிஷ்வாதிக்குக் கொடுங்கள். பெரிய விலங்கு எதுவும் கண்ணில் படாமல் போகலாம். வழிகாட்டியிடம், பழைய காடு எது, பிறகு வளர்ந்தது எது என்று கேளுங்கள். பழைய மரங்களின் கிளையெல்லாம் பாசி தொங்கும். புதியவற்றில் இன்னும் பிடிக்கவில்லை.